பகல் பன்னிரண்டு மணித் தண்ணீர்

எனக்கு வாய் ஜாஸ்தி. வீட்டில், ஆபீஸில், டாக்குரியா ஸ்டேஷன் வாசல் ரிக்‌ஷாக்காரர்களிடம், எங்கே போனாலும் இதற்காகப் பெயர் வாங்கியவள். வங்காளத்தில் பேரம் பேசுவேன், இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதுவேன், கோபம் வந்தால் மட்டும் தமிழ்தான் வரும். கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸுக்கு மாற்றலாகி வந்த அப்பா அங்கேயே ரிட்டயர் ஆனார். நான் இந்த ஊரிலேயே பிறந்து, கெமிஸ்ட்ரி படித்து, இந்த ஊர்த் தண்ணீரைச் சோதிக்கிற வேலையிலேயே போய்ச் சேர்ந்தேன். மீனைக் கண்ணால் பார்த்தாலே குமட்டும் என்று சொல்கிற வீட்டுப் பெண், குளம் குளமாக இறங்கிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றால் அம்மாவுக்கு அது கடைசிவரை ஜீரணமாகவில்லை.

நான் வேலை பார்ப்பது ஒரு சின்ன கன்சல்டன்சி. தொழிற்சாலை கட்டுகிறவர்கள், அடுக்குமாடி கட்டுகிறவர்கள், ஏரிக்கரையில் ஓட்டல் கட்டுகிறவர்கள் எல்லாரும் வருவார்கள். அவர்கள் இடத்துத் தண்ணீரையும் காற்றையும் சோதித்து, அரசாங்கத்தில் கொடுக்க ரிப்போர்ட் எழுதித் தருவோம். பொய் எழுத மாட்டோம். பொய் எழுதத் தேவையே இல்லை. எந்த நேரத்தில், எந்தக் கரையில் பாட்டிலை முக்கினால் எண் நன்றாக வரும் என்று தெரிந்தால் போதும், மிச்சத்தைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். இருபத்திரண்டு வருஷமாக நான் செய்தது அதுதான், நன்றாகவும் செய்தேன்.

எங்கள் ஃப்ளாட் துர்கா பூஜைக் கமிட்டியில் எனக்குப் பழக்கமான ஒரு அம்மாள் பாலிகஞ்சில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு ஹெட்மிஸ்ட்ரஸ். "பதினோராம் வகுப்புக்குச் சுற்றுச்சூழல் படிப்பு, அதில் என்னென்ன வேலை இருக்கு, இதையெல்லாம் யாராவது வந்து சொன்னா நல்லா இருக்கும். சனிக்கிழமை காலையில் ரெண்டு மணி நேரம். நீங்க வாங்களேன்" என்றார். எனக்கா பேச ஆள் கிடைக்காது? சரி என்று போனேன். சும்மா சொல்லக்கூடாது, முப்பது பெண்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது பிடித்திருந்தது.

முதல் நாள் எல்லாரையும் கேட்டேன், எதற்காக இந்த வகுப்புக்கு வந்தீர்கள் என்று. ஒருத்தி பூமியைக் காப்பாற்ற என்றாள். இன்னொருத்தி பனிக்கரடி என்றாள். முக்கால்வாசிப் பேர் உண்மையைச் சொன்னார்கள்: வெளிநாட்டுக் காலேஜுக்கு விண்ணப்பம் போடும்போது இதையெல்லாம் கேட்பார்களாம். பனிக்கரடிக்காரியை நான் விடவில்லை. "நம்ம ஊர்ல கரடி இல்லம்மா, கழிவுநீர்தான் இருக்கு. அதைக் காப்பாத்துவியா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை, பாடம் சூடு பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

கடைசி வரிசையில் ஒரு பெண். நல்ல உயரம், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, மற்றவர்களுடையதைவிட ஒரு சாயம் வெளுத்த யூனிஃபார்ம். பள்ளிக்கூடம் இலவசமாகச் சேர்த்துக்கொண்ட நாலைந்து பேரில் ஒருத்தி. அவள் எழுந்து, "இதைப் படிச்சா குளத்தைப் பத்தி, குளத்துக்காரருக்கே தெரியாத ஏதாவது சொல்ல முடியுமா, மிஸ்?" என்று கேட்டாள். அவர்களோடு பேச்செல்லாம் வங்காளமும் இங்கிலீஷும்தான். எனக்கு ஞாபகத்தில் தமிழாக நிற்கிறது. விசித்திரமான கேள்வியாக இருக்கிறதே என்று, வகுப்பு முடிந்ததும் அவளை நிறுத்திக் கேட்டேன்.

விஷயம் இதுதான். அவள் அப்பா பைபாஸுக்குக் கிழக்கே ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கிறார். இவள் பன்னிரண்டாவது முடித்ததும் கரியாஹாட்டில் மாமா வைத்திருக்கும் துணிக்கடையில் போய் உட்கார வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. இவளுக்குச் சுற்றுச்சூழல் அறிவியல் பட்டப்படிப்பு படிக்க வேண்டும். அப்பாவிடம் மன்றாடியிருக்கிறாள். அவர் நியாயமான மனுஷர் போலிருக்கிறது, ஒரேயடியாக மாட்டேன் என்று சொல்லவில்லை. "நான் முப்பது வருஷமா இந்தத் தண்ணியைப் பார்க்கிறேன். உன் படிப்பு எனக்குத் தெரியாத ஒண்ணை இந்தத் தண்ணியைப் பத்திச் சொல்லட்டும். அது சரியா இருக்கட்டும். அப்புறம் நீ எத்தனை வருஷம் வேணாலும் படி" என்று சொல்லியிருக்கிறார்.

"எங்க குளத்துக்கே எல்லாரையும் கூட்டிட்டு வாங்க, மிஸ். பாபா முன்னாடியே டெஸ்ட் பண்ணலாம்" என்றாள். பாபா என்றால் இங்கே அப்பா. எனக்கும் களப்பயணத்துக்கு ஒரு குளம் தேவைப்பட்டது. டாக்குரியா ஏரிக்கு யார் யாரிடமோ அனுமதி வாங்க வேண்டும் என்று அலுத்துப்போய் இருந்தேன். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது, சரி என்றேன்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் குளத்து ஆக்சிஜனைப் பற்றிச் சொன்னேன். மீன் மூச்சு விடுவது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை வைத்து. பச்சைப் பாசி வெயிலில் அதை உண்டாக்குகிறது. அதை அளக்கிற கிட்டையும் காட்டினேன். மூடியிட்ட சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் குமிழி இல்லாமல் தண்ணீரைப் பிடித்து, இரண்டு மருந்தை விட வேண்டும். ஆக்சிஜன் நிறைய இருந்தால் உள்ளே பழுப்பாகத் திரளும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும்.

அந்தப் பெண் கையைத் தூக்கினாள். "ராத்திரி வெயில் கிடையாது. அப்போ பாசியும் ஆக்சிஜனை எடுத்துக்கும்தானே, மிஸ்? விடிகாலையிலதான் ரொம்பக் குறைஞ்சிருக்கும். அப்போ நாம சூரியன் வர்றதுக்கு முன்னாடி அளக்கணும், இல்லையா?"

நூற்றுக்கு நூறு சரி. அதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டது நான். பஸ் பள்ளிக்கூடத்திலிருந்து பத்தரைக்குத்தான் கிளம்பும், போய்ச் சேரப் பன்னிரண்டாகிவிடும் என்பதால் அந்தப் பகுதியை வேண்டுமென்றே தாண்டிப் போயிருந்தேன். "நல்ல கேள்வி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போயிருக்கலாம். ஆனால் பதினாறு வயசுப் பெண் முப்பது பேர் முன்னால் என் பாடத்தில் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டாளே என்று உள்ளுக்குள் சுருக்கென்றது.

"விடிகாலை அஞ்சு மணிக்கு இத்தனை பேரையும் யாரும்மா கூட்டிட்டுப் போறது? உங்கப்பா மீன் வண்டி அனுப்புவாரா? ஐஸ் பெட்டி மேல உட்கார்ந்து போலாமா எல்லாரும்?"

வகுப்பு ஆர்ப்பரித்துச் சிரித்தது. முன் வரிசையில் ஒருத்தி மூக்கைப் பிடித்துக் காட்டினாள். அதற்கும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவள் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் கடைசி வரிசையிலிருந்து கேள்வியே வரவில்லை. வகுப்பை நடத்தச் சுலபமாக இருந்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் நல்ல வெயிலில் போனோம். பைபாஸைத் தாண்டி, பாதி கட்டிய அடுக்குமாடிகளையெல்லாம் தாண்டி, பஸ் நின்ற இடத்திலிருந்து வரப்பு மேல் நடந்து போனால் அந்தக் குளம். தண்ணீர் பட்டாணி சூப் மாதிரி அத்தனை பச்சை. பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, பாசி அளவுக்கு மேல் பெருகியிருக்கிறது என்று. இப்படிப்பட்ட குளத்தில் நடுப்பகலில் அளந்தால் ஆக்சிஜன் கண்ணைப் பறிக்கிற மாதிரி வரும். விடிகாலையில் ஒன்றுமிருக்காது.

அவள் அப்பா கரையில் நின்றிருந்தார். எங்களுக்காகச் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருப்பது மடிப்புக் கலையாததில் தெரிந்தது. அத்தனை பெண்களுக்கும் இளநீர் வெட்டி வைத்திருந்தார். என்னைத் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிட்டார், என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருந்தும். நான் அவரைத் தாதா, அதாவது அண்ணா, என்றேன். மகளை எல்லாருக்கும் முன்னால் நிறுத்திப் பாட்டிலைக் கொடுத்தேன். அவள் சுத்தமாகச் செய்தாள். ஒரு குமிழி இல்லை. மருந்தை விட்டதும் பாட்டிலுக்குள் நல்ல காப்பிப் பொடி நிறத்தில் திரண்டு கீழே இறங்கியது. பெண்கள் கைதட்டினார்கள். அவள் அப்பா குனிந்து பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நல்லதா, தீதி?"

"ரொம்ப நல்லது. இவ்வளவு ஆக்சிஜன் இருக்கிற குளத்தை நான் அதிகமாப் பார்த்ததில்லை" என்றேன். இரண்டு வாக்கியமும் உண்மை.

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கொஞ்ச நாளா விடியக்காலையில மீன் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. தண்ணி கனமாயிடுச்சோன்னு எனக்கொரு சந்தேகம். பாதி மீனை இப்பவே பிடிச்சு வித்துடலாம்னு பார்த்தேன். இன்னும் சின்னதாத்தான் இருக்கு, விலை வராது. பூஜை வரைக்கும் விட்டா நல்லாப் பெருத்துடும்."

நான் வாயைத் திறக்குமுன் பஸ் டிரைவர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டான். வெயில் மண்டையைப் பிளந்தது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் எதற்குக் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். காலையில் ஒரு முறை அளந்து பாருங்கள் என்று நான் சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால், அவளைக் கேலி பண்ணிச் சிரித்த முப்பது பேர் முன்னால் அவள் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். "ரிப்போர்ட்ல எல்லாம் விவரமா வரும், தாதா" என்று சொல்லிவிட்டு வரப்பில் நடந்தேன்.

ரிப்போர்ட்டை அவள்தான் எழுதினாள், குழுவின் பெயரில். பள்ளிக்கூடக் கண்காட்சியில் வைப்பதற்காக. திருத்த என்னிடம் வந்தது. கடைசிப் பத்தியில் எழுதியிருந்தாள்: இந்த அளவு நடுப்பகலில் எடுக்கப்பட்டது, விடிகாலையில் அளக்காமல் குளத்தின் நிலையைத் தீர்மானிக்க முடியாது. எங்கள் ஆபீஸில் இந்த மாதிரி வாக்கியங்களுக்கு ஒரு கதி உண்டு. வாடிக்கையாளருக்குப் பிடிக்காது என்று சீனியர் அடித்துவிடுவார். நான் ஜூனியராக இருந்தபோது என்னுடையதை அடித்தார்கள். இப்போது நானே சீனியர், கை பழகிவிட்டது. ஒரு கோடு போட்டுவிட்டு, "முடிவு தெளிவாக இருக்க வேண்டும். குளம் நல்ல நிலையில் உள்ளது என்று முடி" என்று ஓரத்தில் எழுதினேன். ஒரு தொழிலைச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால் அதன் பழக்கவழக்கத்தோடுதானே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அவள் அப்படியே எழுதிக் கொண்டு வந்தாள். மிஸ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாளா, இல்லை இன்னொரு முறை சிரிப்பு வாங்க வேண்டாம் என்று நினைத்தாளா, நான் கேட்கவில்லை.

கண்காட்சியில் அதற்கு முதல் பரிசு. ஹெட்மிஸ்ட்ரஸ் மேடையில் என்னைப் புகழ்ந்து தள்ளினார். அவள் ரிப்போர்ட்டை லேமினேட் செய்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். அடுத்த வாரம் தானாகவே என்னிடம் வந்தாள், எத்தனையோ நாளைக்கப்புறம் சிரித்த முகமாக. "பாபா படிச்சுப் பார்த்தாரு, மிஸ். நான் வங்காளத்துல எழுதிக் கொடுத்தேன். 'என் கண்ணைவிட உன் பாட்டிலுக்குத் தெரியும் போலிருக்கு'ன்னு சொன்னாரு. மீன் பிடிக்கலை, பூஜை வரைக்கும் விட்டிருக்காரு. அது நல்லா வந்துட்டா காலேஜ்ல சேர்த்துடறேன்னு மாமாகிட்டயே சொல்லிட்டாரு."

அவள் முதுகைத் தட்டி அனுப்பினேன். அப்போதுகூட ஒரு போன் போட்டால் போதும். காலையில் பம்ப் வைத்துத் தண்ணீரைக் கலக்கிவிடச் சொல்லுங்கள், தீனியைக் குறையுங்கள், பாதியைப் பிடித்துவிடுங்கள். மூன்றே வாக்கியம். எங்கள் ஆபீஸில் அதே வாரம் ஒரு பெரிய வேலை முடிக்க வேண்டியிருந்தது. நாளைக்குச் சொல்லலாம், சனிக்கிழமை சொல்லலாம் என்று தள்ளினேன். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. வெயில் இருக்கிறவரை ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன்.

செப்டம்பரில் காற்றழுத்தத் தாழ்வு வந்தது. மூன்று நாள் சூரியனே தெரியவில்லை. மழையும் கொட்டித் தீர்க்காமல், காற்றும் அடிக்காமல், மூடி போட்ட பாத்திரம் மாதிரி ஊரே புழுங்கியது. முதல் நாளே எனக்குக் குளம் ஞாபகம் வந்தது. இரண்டாம் நாள் போனைக் கையில் எடுத்து அவள் நம்பர்வரை போய்விட்டு வைத்துவிட்டேன். என்னவென்று சொல்லுவேன்? நான் சொன்னது தப்பு என்றா? நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரைக்கு அவளே கூப்பிட்டாள்.

"மிஸ், நீங்க கொஞ்சம் வர முடியுமா? பாபா யார் பேச்சையும் கேட்க மாட்டேங்கிறார். நீங்க வந்து சொன்னாக் கேட்பார்."

என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை. டாக்ஸி பிடித்துப் போனேன்.

பஸ் நின்ற இடத்திலேயே வாடை வந்துவிட்டது. குளத்தில் தண்ணீரே தெரியவில்லை. கரையிலிருந்து கரைவரை வெள்ளை வயிறு. ரோகு, கட்லா, கையளவும் முழங்கையளவும், வாயைத் திறந்தபடியே செத்திருந்தன. இன்னும் சாகாத ஒன்றிரண்டு கரையோரச் சேற்றில் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன. நாலு பேர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கூடை கூடையாக வாரிக்கொண்டிருந்தார்கள். ஒரு வியாபாரி வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். அவள் அப்பா வரப்பில் குந்தியிருந்தார். அழவில்லை, திட்டவில்லை. வாரிக்கொண்டிருந்தவர்களை எண்ணுகிறவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் என்னிடம் ஓடி வந்தாள். கையில் அந்தப் பாட்டில். விடியுமுன்பே, மீன் மேலே மிதக்க ஆரம்பித்தபோதே தண்ணீர் பிடித்து, கண்காட்சிக்காக அவளிடம் இருந்த பள்ளிக்கூடத்துக் கிட்டில் மிச்சமிருந்த மருந்தை விட்டுச் சோதித்திருக்கிறாள். உள்ளே பால் மாதிரி வெள்ளை. ஒரு பொட்டு பழுப்பு இல்லை.

"பார்த்தீங்களா, மிஸ்? பகல்ல பழுப்பு, இப்போ வெள்ளை. ரெண்டும் சரியான ரீடிங்தான். படிப்பு தப்பில்லை, நேரம்தான் தப்புன்னு பாபாகிட்ட நீங்க சொல்லுங்க. நான் சொன்னா அவர் நம்ப மாட்டேங்கிறார். நான் ஏதோ தப்பாப் பண்ணிட்டேன்னு நினைக்கிறார்." பாட்டிலை என் பக்கம் நீட்டினாள். "நான் அளந்தது தப்பில்லைன்னு மட்டும் சொல்லுங்க."

அவள் என்மேல் ஒரு குற்றமும் சொல்லவில்லை. நேரம் தப்பு என்றாளே தவிர, அந்த நேரத்தை வைத்தது யார் என்று ஒரு சொல் இல்லை. அதை நான் சொல்வேன் என்று அத்தனை நம்பிக்கையாக நின்றாள்.

அவள் அப்பா எழுந்து வந்தார். தண்ணீரில் நின்றவர்களும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"தீதி, உங்க படிப்பு தப்பா, இல்லை என் பொண்ணு தப்பாப் பார்த்தாளா?"

எவ்வளவு சுலபமான கேள்வி. இரண்டுமில்லை, நான்தான் என்று சொல்ல எனக்கு எத்தனை மூச்சு பிடித்திருக்கும்? என்ன செய்துவிடுவார்கள் என்னை? அடித்திருக்க மாட்டார்கள். அந்த மனுஷர் கை ஓங்குகிற ஜாதியே இல்லை. ஆனால் ஹெட்மிஸ்ட்ரஸ் காதுக்குப் போகும், மேடையில் வாங்கிய பேர் போகும், நஷ்டத்துக்கு யார் பொறுப்பு என்று யாராவது ஆபீஸ்வரை வருவார்கள், அங்கே நாங்கள் எந்த நேரத்தில் பாட்டிலை முக்குகிறோம் என்று யாராவது கேட்பார்கள். இத்தனையும் ஒரு நொடியில் என் மண்டைக்குள் ஓடி முடிந்துவிட்டது. இந்த மாதிரிக் கணக்கில் நான் கெட்டிக்காரி.

"சின்னப் பசங்கதானே, தாதா" என்றேன். குரலை எவ்வளவு இதமாக வைத்துக்கொண்டேன் என்பது இப்போதும் காதில் இருக்கிறது. "கிட்டைக் கையாள்றது கஷ்டம். மருந்து ஒரு சொட்டு கூடிப்போனாலும் நிறம் மாறிடும். அவளைத் திட்டாதீங்க. வேணும்னு செய்யலை."

திட்டாதீங்க என்றேன். பெருந்தன்மை வேறு.

நான் அவள் பக்கம் திரும்பவில்லை. ஆனாலும் கண்ணோரத்தில் தெரிந்தது. பாட்டிலைப் பிடித்திருந்த கை மெதுவாகக் கீழே இறங்கியது. மறுத்துப் பேசப் போகிறாள் என்று நினைத்தேன். எனக்குப் பதில்கூடத் தயாராக இருந்தது. பேசியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? நான் பாலிகஞ்சுப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மேடம், இருபத்திரண்டு வருஷம் இதே வேலை.

அவள் அப்பா தலையை ஆட்டினார், பல தடவை. "எனக்கும் அப்படித்தான் தோணிச்சு" என்றார். "என் கண்ணுக்குத் தெரிஞ்சுது, தீதி. தண்ணி கனம்னு என் கண்ணுக்குத் தெரிஞ்சுது. இவ பேச்சைக் கேட்டேன்." பிறகு அந்த மனுஷர் என் முன்னால் இரண்டு கையையும் கூப்பினார். "நீங்க ஆசையாச் சொல்லிக்கொடுத்தீங்க. இவளால உங்க பேருக்கும் கெடுதல். மன்னிச்சுக்கணும்."

சேறும் செதிலும் ஒட்டிய கை. நான் ஐயோ, அதெல்லாம் வேண்டாம் என்று ஏதோ முணுமுணுத்தேன்.

அவர் மகளைப் பார்த்தார். கோபமே இல்லாமல், சாதாரணமாக, சாப்பிட்டாயா என்று கேட்பதுபோலச் சொன்னார்: "மாமாகிட்டப் பேசிடறேன். பூஜை சமயம், கடையில ஆள் வேணும்னு சொல்லிட்டிருந்தான். பரீட்சை வரைக்கும் லீவு நாள்ல போ, அப்புறம் முழுசாப் போயிடலாம்." பிறகு என்னைக் காட்டி, "மன்னிப்புக் கேளு" என்றார்.

அவள் பாட்டிலை வரப்பில் வைத்தாள், கவிழாமல் பார்த்து வைத்தாள். துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டாள். குனிந்து, இந்த ஊர் வழக்கப்படி என் இரண்டு பாதத்தையும் தொட்டுக் கையைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். "தப்பாயிடுச்சு, மிஸ்" என்றாள்.

இங்கே பிறந்து வளர்ந்தவள் நான். ஐம்பது பூஜையில் எத்தனை பிள்ளைகள் காலைத் தொட்டிருக்கும்? குனிகிற தலையைக் கண்டால் கை தானாகப் போய் உச்சியில் உட்காரும், வாய் தானாக வாழ்த்தும். அன்றைக்கும் கை போயிற்று. வாயும் போயிற்று.

"நல்லாப் படிம்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவள் குனிந்த வாக்கிலேயே ஒரு கணம் நின்றாள், என் கை அவள் தலைமேல் இருந்தது. பிறகு நிமிர்ந்து, சல்வாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு குளத்தில் இறங்கி, மற்றவர்களோடு சேர்ந்து வார ஆரம்பித்தாள்.